பத்மினி வந்த வழி

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம். காலனியின் கடைசித் தெருவில், வேப்ப மரத்தடியில், தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய காரை நம் குழந்தைகள் அனைவரும் அறிவர். அதன் பின்புறத்தில் பதித்திருக்கும் 'பிரீமியர் பத்மினி' என்னும் எழுத்துகளைச் சுட்டி, இப்பெயர் யாருடையது என்று வகுப்பில் வினவினோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சற்றும் தயங்காமல், "நம்ம ஊர் ராணியோட பேரு" என்றாள். யார் சொன்னது என்று கேட்டபோது, "பாட்டி சொன்னாங்க. சித்தூர் ராணி பத்மினி" என்று விடை வந்தது.

பாட்டியார் பொய் சொல்லவில்லை. 1963இல் சிவாஜி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்து, 'சித்தூர் ராணி பத்மினி' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வெளிவந்தது. ஆயினும் அந்தச் சித்தூர் நம் சித்தூர் அன்று. மேவார் நாட்டின் மலைக்கோட்டையான சித்தோரைத் தமிழில் எழுதும்போது அது சித்தூர் ஆகிவிடுகின்றது. 1303இல் அலாவுதீன் கில்ஜி முற்றுகையிட்டது அக்கோட்டையை. பத்மினியின் கதையை விரித்துப் பாடியவர் ஜாயசி. அவர் காவியம் எழுந்தது 1540ஐ ஒட்டி, முற்றுகைக்கு ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து. நம் ஊரோ, சிற்றூர் என்பதே மருவிச் சித்தூர் ஆயிற்று என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். கோட்டையும் இல்லை, ராணியும் இல்லை; மாம்பழம் உண்டு.

அந்தக் காரும் மேவாரில் பிறந்ததன்று. பெயர் இராசபுத்திர அரசியினுடையது. பிறந்த தொழிற்சாலை பம்பாய்க் குர்லாவில் இருந்தது. உடலும் பொறியும் இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்தில் வரையப்பட்டவை. ஒரு வண்டிக்குள் இத்தனை ஊர்கள் இருப்பதை அச்சிறுமிக்கு விளக்க அன்று நேரம் போதவில்லை. அவ்விளக்கமே இக்கட்டுரை. இதனை இவ்வாண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அவ்வண்டிக்கு உரியவரான ஓய்வுபெற்ற ஆசிரியர், அதனை வைத்துக்கொள்வதா, உடைத்து இரும்பாக விற்பதா என்று இவ்வாண்டு முடிவு செய்ய வேண்டியவராய் இருக்கின்றார். எம்மிடம் கருத்துக் கேட்டார். கருத்துக் கூறுமுன் வரலாற்றை அறிய வேண்டும் அல்லவா?

இத்தாலியரைப் பற்றி முதலில் சில சொல்வோம். பண்டு ஐரோப்பாவில், குறிப்பாக இங்கிலாந்தில், செல்வர் வீட்டு இளைஞர் கல்வி முடித்தவுடன் இத்தாலி வரை நெடும்பயணம் செய்து வருவது வழக்கமாய் இருந்தது. உரோமையின் பழஞ்சின்னங்களையும் புளோரன்சு நகரத்து ஓவியங்களையும் கண்டு திரும்பியவனே முழு மனிதன் என்று எண்ணினர். அதனைப் பெரும்பயணம் என்றனர். குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்தபின், அப்பெரும்பயணத்திற்கு ஏற்ற கார் எது என்ற வினா எழுந்தது. பந்தய வண்டி விரைவில் ஓடும். ஆனால் முதுகை முறித்துவிடும். குடும்ப வண்டி முதுகைக் காக்கும். ஆனால் மலை கண்டால் மூச்சு வாங்கும். காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு, ஆல்ப்சு மலையைத் தாண்டி, மாலையில் மற்றொரு நாட்டில் உடை கசங்காமல் இறங்க வேண்டும். அத்தகைய வண்டிக்கு இத்தாலியர் இட்ட பெயர் 'கிரான் துரிஸ்மோ'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பெரும்பயணம் என்பதே.

ஆல்பா ரோமியோ நிறுவனத்தார் 1930ஐ ஒட்டியே தம் 6சி 1750 வண்டியின் ஒரு வகைக்கு இப்பெயரைச் சூட்டினர். எனினும் இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது என்று பலராலும் போற்றப்படுவது லான்சியா ஆரேலியா பி20. பியட் நிறுவனத்தில் பந்தய ஓட்டியாக இருந்த வின்சென்சோ லான்சியா என்பார் 1906இல் தூரினில் தனியே தொடங்கிய நிறுவனம் லான்சியா. அவர் மறைந்த பின், 1950இல் அந்நிறுவனம் ஆரேலியாவை வெளியிட்டது. ஆறு உருளைகளை மும்மூன்றாக இரு சாய்வில் நிறுத்திய பொறியை வரிசை உற்பத்தியில் முதன்முதல் கொண்டு வந்த கார் அதுவே. 1951இல் அதன் இரு கதவு வடிவமான பி20 வந்தது. அவ்வாண்டே அது மில்லே மில்லியா பந்தயத்தில் கலந்துகொண்டு, தன்னைப்போல் இரு மடங்கு பெரிய பொறி பூட்டிய பெராரி ஒன்றுக்கு அடுத்ததாக, அனைத்து வண்டிகளிலும் இரண்டாவதாக வந்தது. அதே வண்டியில் மறுநாள் மனைவியோடு கடைவீதிக்கும் போகலாம். கிரான் துரிஸ்மோ என்பதன் பொருள் அதுதான்.

மில்லே மில்லியா என்றால் ஆயிரம் மைல். பிரெசியா என்னும் ஊரில் தொடங்கி உரோமை வரை சென்று மீளும் இப்பந்தயம், 1927 முதல் 1957 வரை, இடையில் போர் நடந்த சில ஆண்டுகள் நீங்கலாக, மூடிய களத்தில் அன்றிப் பொதுச் சாலையில் நடைபெற்றது. மாட்டு வண்டியும் மாதா கோயிலும் இருக்கும் சாலை! 1957இல் பெராரி ஒன்று சக்கரம் வெடித்துக் கூட்டத்தில் பாய, ஓட்டியோடு பார்த்து நின்ற குழந்தைகளும் மாண்டனர். பந்தயம் அத்தோடு நின்றது. நின்றது நன்றே என்பது எம் எண்ணம்.

இப்பந்தயத்தின் பழைய பட்டியலைப் புரட்டுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. 1948ஆம் ஆண்டு முதலிடம் பெற்றது பெராரி. இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் பெற்றவை எவை? பியட் 1100 எஸ். ஆயிரத்து நூறு என்னும் அவ்வெண் நமக்குப் புதிதன்று. நம் வேப்ப மரத்தடியில் நிற்பதும் அக்குலத்து வண்டியே.

பியட் நிறுவனம் 1899இல் தூரினில் தோன்றியது. 1923இல் திறக்கப்பட்ட அதன் லிங்கொத்தோ தொழிற்சாலை ஐந்து மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் புகுந்த இரும்பு, மாடி மாடியாக ஏறி உருப்பெற்று, மொட்டை மாடியில் அமைந்த ஓட்டப் பாதையில் காராக ஓடிப் பார்க்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய பொறியாளருள் தாந்தே ஜியாகோசா என்பாரை நாம் நினைவில் வைத்தல் தகும். 1936இல் சுண்டெலி என்று இத்தாலியர் செல்லமாக அழைத்த சிறு பியட் 500ஐயும், 1937இல் 1100 குலத்தின் முதல் வண்டியையும் உருவாக்கியவர் அவர். 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு; நான்கு உருளை; மேல்தலையில் அடைப்பிதழ்கள். அந்த 1089 என்னும் எண்ணை மறவாதிருக்க வேண்டுகின்றோம். 1937இல் தூரினில் பிறந்த அவ்வளவு, இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை குர்லாவில் மாறாமல் வாழ்ந்தது.

போருக்குப் பின் இத்தாலி வறிய நாடு. பெட்ரோல் விலை மிகுதி, இரும்பு அரிது, சாலைகள் மலைச்சாலைகள். அந்நிலையில் 1953இல் ஜெனீவாக் கண்காட்சியில் பியட் புதிய 1100ஐ வைத்தது. அடிச்சட்டம் வேறு, உடல் வேறு என்ற பழைய முறையை விட்டு, உடலே சட்டமாய் நிற்கும் முட்டை ஓடு போன்ற அமைப்பை அது கொண்டது. எடை குறைந்தது, சிறு பொறிக்கும் பெரும் வலி வாய்த்தது. அவ்வாண்டிலேயே அதன் விரைவு வடிவம் ஒன்றும் வெளிவந்தது. 'துரிஸ்மோ வெலோசே', அதாவது விரைபயணம் என்று அதற்குப் பெயர். முன்முகப்பின் நடுவில் மூன்றாவது விளக்கு ஒன்று, நெற்றிக்கண் போல. ஐம்பது குதிரைத் திறன். கிரான் துரிஸ்மோ என்னும் பெருஞ்செல்வர் விருந்தில் நடுத்தர மக்களுக்கும் ஒரு இலை போடப்பட்டது என்று சொல்லலாம். நம் பத்மினி இவ்வண்டிக்கு உடன்பிறந்தாள். அவளுக்கு நெற்றிக்கண் இல்லை. வீட்டு வேலைக்கு வந்தவள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்குத்தான் நம் திருமலையும் கதைக்குள் புகுகின்றது.

மைசூர்த் திவானாக இருந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா அவர்களைக் கண்ணம்பாடி அணை கட்டியவர் என்று யாவரும் அறிவர். இந்தியாவிலேயே மோட்டார் வண்டி செய்ய வேண்டும் என்று 1930களில் திட்டம் தீட்டி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு வந்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார். அன்னிய அரசு அத்திட்டத்திற்கு இடம் கொடுக்கவில்லை. அக்கனவை விடாது பற்றிக்கொண்டவர் வால்சந்து ஹீராசந்து என்னும் தொழிலதிபர். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையும், நம் ஆந்திரத்து விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் துறையும் தொடங்கியவர் அவர். அவர் முயற்சியால் 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்சு நிறுவப்பட்டது. குர்லாவிலிருந்து முதல் வண்டிகள் வெளிவந்தபோது நாடு விடுதலை பெறும் காலம்.

அதே 1944இல் திருப்பதியில் நடந்ததைக் கேளுங்கள். கீழ்த்திருப்பதியிலிருந்து மேல்திருமலைக்கு மோட்டார் செல்லும் மலைச்சாலை அவ்வாண்டு திறக்கப்பட்டது. அச்சாலைத் திட்டத்தில் பங்காற்றியவர் யார் என்று பார்த்தால், அங்கும் அதே விசுவேசுவரய்யா அவர்களே! காரை இந்நாட்டில் செய்ய விரும்பியவரும், அக்கார் ஏழுமலை ஏறுவதற்கு வழி காட்டியவரும் ஒருவரே என்பது எமக்கு மிக்க மகிழ்ச்சி தருவதொன்று. அதுவரை மலை ஏறுவோர்க்கு அலிபிரிப் படிகளும், சந்திரகிரிப் பக்கத்துச் சிறீவாரி மெட்டும், இயலாதோர்க்கு டோலியும் அன்றி வேறில்லை.

பிரீமியர் நிறுவனம் முதலில் அமெரிக்கக் கிரைசுலர் வண்டிகளை இணைத்து விற்றது. 1950களின் தொடக்கத்தில் பியட்டோடு உடன்பாடு கண்டு, முதலில் சுண்டெலியையும் பின்னர் 1954 முதல் 1100ஐயும் கொண்டு வந்தது. அப்போது அரசு ஒரு முடிவு எடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்போர் வேண்டா, இங்கேயே செய்வோர் மட்டும் இருக்கட்டும் என்பது அது. போர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. கல்கத்தாவில் இந்துசுதான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் சுடாண்டர்டு ஆகிய மூன்றே கார் நிறுவனங்களாய் எஞ்சின.

இக்கொள்கையைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. போட்டி இல்லாமையால் நாற்பது ஆண்டுகள் நாம் பழைய வண்டியையே ஓட்டினோம் என்பர் ஒரு சாரார். உண்மைதான். இத்தாலியில் 1100 குலம் 1969இல் முடிவுற்றது. இங்கு அது மேலும் முப்பது ஆண்டுகள் நடந்தது. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள்; மகள் திருமணத்திற்கு என்று பதிந்த வண்டி பேரன் பெயர்சூட்டுக்கு வந்தது என்பது அக்காலத்து வேடிக்கைப் பேச்சு. ஆனால் மறுபுறமும் ஒன்று உளது. வண்டி மாறாதிருந்தமையால் அதனை நம் மக்கள் முற்றக் கற்றனர். சித்தூர் நகரின் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிலும், பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மேஸ்திரிமார், கார்புரேட்டரைக் கழற்றித் துணி விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் பூட்டுவதை நாம் சிறு வயதில் கண்டிருக்கின்றோம். அவர்களிடம் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்த ஒரு தொழில்மொழி இருந்தது. எந்த அகராதியிலும் ஏறாமலே அது மறைந்து வருகின்றது. அதனைத் தொகுக்கும் இளைஞர் எவரேனும் நம் சங்கத்தில் முன்வருவாராயின் பெரும் பணியாகும். இது இடையில் வந்த பேச்சு, மீள்வோம்.

பெயர்கள் காலந்தோறும் மாறின. முதலில் வந்தது மில்லெசெந்தோ, இத்தாலிய மொழியில் ஆயிரத்து நூறு. முன்கதவுகள் பின்புறத்துக் கீலில் தொங்கி எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பம்பாய் மக்கள் அவ்வண்டியின் உருண்டை மூக்கைக் கண்டு, மராத்தியில் பன்றி என்று பொருள்படும் 'டுக்கர்' என்ற பெயரை வைத்தனர். பின்னர் எலிகண்டு, செலக்டு, சூப்பர் செலக்டு. 1960களின் நடுவில் இத்தாலியின் 1100 டி வடிவம் இங்கு வந்தது. நாம் பத்மினி என்று அறியும் முகம் அதுவே. பியட் என்ற பெயரைப் பயன்படுத்தும் காலம் முடிந்ததும் சிறிது காலம் பிரீமியர் பிரசிடெண்டு என்றிருந்து, 1974 முதல் பிரீமியர் பத்மினி ஆயிற்று. ஆயினும் நம் மக்கள் இறுதி வரை 'பியட் கார்' என்றே சொன்னார்கள்.

மலை ஏறிய செய்தியைச் சொல்லாமல் இக்கதை நிறைவு பெறாது. முதல் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் முப்பத்தாறு. இன்று அது இறங்கு வழியாக உளது. 1974இல் இரண்டாம் சாலை அமைந்த பின் ஏறுவோர் அதன் வழியே செல்கின்றனர். அதற்கு முன் ஏறியோர் அந்த முப்பத்தாறு வளைவுகளிலேயே ஏறினர். நாற்பது குதிரைத் திறன் கொண்ட வண்டியில், தாத்தா பாட்டி உட்பட எண்மர், மடியில் இரு குழந்தைகள், மேலே படுக்கைச் சுருள், காலடியில் புளியோதரைத் தூக்கு. இத்தாலியர் கிரான் துரிஸ்மோ வண்டியில் இருவர் அமர்வதையே இலக்கணமாகக் கொண்டனர்!

அக்காலத்து வண்டிகளுக்கு மலையில் இரண்டு இடர்கள் நேரும். ஒன்று, நீர்ப்பெட்டி கொதித்தல். மற்றொன்று நுட்பமானது. பெட்ரோலை இழுத்துத் தரும் விசைக்குழாய் பொறியின் மேலேயே பூட்டப்பட்டிருக்கும். பொறி மிகச் சூடேறினால் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகும்; நீர்மத்தை இழுக்க அமைந்த கருவி ஆவியை இழுக்க மாட்டாது; வண்டி இருமி நிற்கும். மருந்து எளியது. ஈரத் துணியை அதன்மேல் சுற்றிவிட வேண்டும். ஆகவே மலை ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குடம் நீரும் ஒரு பழைய வேட்டித் துண்டும் தவறாது இருந்தன. வளைவோரம் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, துணி நனைத்துக் கட்டிவிட்டு, பொறி ஆறும் வரை பெண்டிர் கோவிந்த நாமம் பாடுவர். வேகத்தை விற்ற இத்தாலியன் இத்தகைய ஓய்வைக் கனவிலும் கண்டிரான். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆல்ப்சு மலைச்சாலைகளுக்கென வகுத்த பல்லிணை விகிதமும் குறுகிய உடலும் ஏழுமலைக்கும் பொருந்தின. பெரிய அமெரிக்க வண்டிகள் ஒரே வீச்சில் திரும்ப மாட்டாமல் முன்னும் பின்னும் அசையும் இடங்களில் சிறிய பியட் வளைந்து போய்விடும்.

வளைவில் அதனையும் வென்றது நம் சென்னை வண்டி. சுடாண்டர்டு ஹெரால்டு! வண்டலூரை அடுத்திருந்த தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்டது. ஆங்கிலேயரின் டிரையம்பு ஹெரால்டே அது என்பது பலருக்குத் தெரியும். அதன் உருவை வரைந்தவர் ஆங்கிலேயர் அல்லர், ஜியோவன்னி மிக்கெலொத்தி என்னும் தூரின் நகரத்தார் என்பது சிலருக்கே தெரியும். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் அது முழு வட்டம் அடிக்கும். காலனித் தெருவில் திருப்புவது போலக் கொண்டை ஊசியில் திருப்பலாம். ஆகவே பம்பாயிலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும், திருமலை ஏறிய சிறு கார்களிற் பலவற்றின் தாயகம் தூரினே.

சென்னைத் தொழிற்சாலையின் இறுதிக் கதை துயரமானது. அதே சமயம் நம் பொருளுக்கு மிக அணித்தானது. 1968இல் பாரிசுக் கண்காட்சியில் பெராரி நிறுவனம் 365 ஜிடிபி/4 என்னும் வண்டியை வெளியிட்டது. பன்னிரண்டு உருளை, முந்நூற்றைம்பது குதிரைத் திறன், மணிக்கு 280 கிலோமீட்டர். 1967இல் அமெரிக்காவின் டேட்டோனாப் பந்தயத்தில் பெராரி முதல் மூன்று இடங்களையும் பெற்ற நினைவாக மக்கள் அதற்கு டேட்டோனா என்றே பெயரிட்டனர். நீண்ட மூக்கு, கத்தி போல் சாய்ந்த முகம். பினின்பாரினா பட்டறையைச் சேர்ந்த லியோனார்தோ பியோரவந்தி வரைந்தது. கிரான் துரிஸ்மோ மரபின் கொடுமுடி அதுவே என்பாரோடு நாம் வாதிட மாட்டோம். ஏறத்தாழ 1,400 வண்டிகளே செய்யப்பட்டன.

அம்முகத்தைக் கண்டு மயங்கியவர்களுள் ஆங்கில ரோவர் நிறுவனத்தின் டேவிட் பேச்சு என்பார் ஒருவர். 1976இல் அவர் வரைந்து வெளிவந்த ரோவர் எசுடி1 குடும்பக் காருக்கு டேட்டோனாவின் முகச்சாயலைத் தந்தார். 1985இல் வண்டலூர்த் தொழிற்சாலை அந்த ரோவரை 'சுடாண்டர்டு 2000' என்ற பெயரில் இங்குச் செய்யத் தொடங்கியது. பெராரியின் முகம் செங்கற்பட்டு மண்ணில் உருவாயிற்று! ஆனால் உள்ளே? ரோவரின் எட்டு உருளைப் பொறி வரவில்லை. 1940களின் வான்கார்டு மரபில் வந்த 1991 கன சென்டிமீட்டர் நான்கு உருளைப் பொறி பூட்டப்பட்டது. நம் சாலைக்காக உடலும் உயர்த்தப்பட்டது. விலையோ மிகுதி. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அங்கு வேலை செய்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் பட்ட துன்பம் பெரிது. முகம் கடன் வாங்கலாம், நெஞ்சு கடன் வாங்க முடியாது என்று அன்று எழுதினாரும் இருந்திருப்பர். எமக்கு அவ்வாறு எளிதாகத் தீர்ப்புக் கூற மனம் வரவில்லை. அரசின் கட்டுப்பாடு, முதலின் குறைவு, 1983 திசம்பரில் வெளிவந்த மாருதியின் ஏற்றம் ஆகிய யாவும் கூடியே அத்தொழிற்சாலையை வீழ்த்தின.

பத்மினி இன்னும் சில காலம் தாங்கினாள். டீசல் பொறி பூட்டினர். நிசான் நிறுவனத்தின் ஐந்து நிலைப் பல்லிணைப்பெட்டியைப் பிற்காலத்தில் சேர்த்தனர். மாருதியின் முன் அவை நில்லா. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. பம்பாய்த் தெருக்களில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக வாழ்ந்தவற்றுள் இறுதியானது, 2003 அக்டோபரில் பதியப்பட்டது, இருபதாண்டு எல்லை முடிந்து 2023 அக்டோபர் 30ஆம் நாள் ஓய்வு பெற்றது.

நம் காலனி வண்டி 1976இல் வாங்கப்பட்டது. அதற்குரிய ஆசிரியரின் தந்தையார் இம்மாவட்டத்திலேயே பிறந்தவர். 1911இல் வடார்க்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தபோதும், 1953 அக்டோபர் முதல் நாள் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தபோதும் அக்குடும்பம் இடம்பெயரவில்லை, மாநிலந்தான் இடம்பெயர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மீண்டபோது அவர்தம் உறவினர் பாதிப்பேர் எல்லைக்கு அப்பாலும் பாதிப்பேர் இப்பாலும் ஆயினர். வேலூருக்குப் பெண் பார்க்கவும், திருத்தணிக்குக் கிருத்திகைக்கும், சென்னைக்கு மருத்துவத்துக்கும் ஓடியது இவ்வண்டியே. அதன் பக்கப்பெட்டியில் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் கட்டிய தற்காலிகச் சாலை வரிச் சீட்டுகள் ஒரு கட்டு இன்றும் உள்ளன. தாயகத்துக்கும் வாழும் ஊருக்கும் இடையில் நம்மவர் போய் வந்த கணக்கு அச்சீட்டுகளில் இருக்கின்றது. வண்டியை விற்றாலும் அவற்றைச் சங்க நூலகத்துக்குத் தர வேண்டுமென முதலில் வேண்டிக்கொண்டோம். அவரும் இசைந்தார்.

இனி வண்டி. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐயாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று; இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆயிற்று. தகுதித் தேர்விலும் தேற வேண்டும். உடைத்து விற்றால் சில ஆயிரம் கிடைக்கும். மூன்றாவது வழி ஒன்று உளது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐம்பது ஆண்டு நிறைந்து, முதல் உரு மாறாத வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். இக்கார் 2026இல் அந்த அகவையை எட்டுகின்றது. ஆனால் அங்கும் ஒரு முள் உண்டு. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்ப்பதற்கும் அன்றி அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டலாகாது.

"ஓடாமல் வைத்துக்கொள்வதற்குப் பெயர் கார் இல்லை, சார். அது படம்" என்றார் ஆசிரியர். அவர் கூறியதில் நியாயம் உண்டு. பெரும்பயணத்துக்கென்று பிறந்த குலம் அது. ஆயினும் அவ்வண்டி கடைசியாக மலை ஏறி இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும், அவருக்கு வயது எழுபத்து நான்கு என்பதையும், ஓட்டுநர் உரிமத்தை அவர் மகள் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதையும் நினைவூட்டினோம். அன்றாடம் ஓட்டுவதற்கு விதி தடையன்று. வீட்டிலேயே தடை இருக்கின்றது. சிரித்தார். பதிந்துவிடுங்கள் என்பதே எம் கருத்து எனக் கூறினோம். செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்குமா என்று செயற்குழுவில் கேட்டிருக்கின்றோம். முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கிடையில், ஆண்டு விழாவன்று வண்டியை மண்டப வாயிலில் நிறுத்த இசைந்துள்ளார். கதவைத் திறந்து உட்காரலாம். சுழற்சக்கரத்தின் பக்கத்தில் நீண்டிருக்கும் பல்லிணைக் கோலைக் குழந்தைகள் தொட்டும் பார்க்கலாம். முன்மூடியைத் திறந்து 1089 கன சென்டிமீட்டரையும், ஈரத்துணி சுற்றிய இடத்தையும் பழைய மேஸ்திரி ஒருவர் விளக்குவார். மாலை ஐந்து மணிக்கு, நாடகம் தொடங்குமுன். அந்த ஏழு வயதுச் சிறுமியைத் தவறாமல் அழைத்து வருமாறு அவள் பாட்டியாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.